ரொறன்ரோ இறுதிக்கு வந்தது இது முதல் தடவையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்கள் வரை ஒன்றும் விடாமல் வாசிக்கிற ஆள் நான். வெள்ளிக்கிழமைகளில் கடையில் மீன் வெட்டித் தரும்வரை வரிசையில் நிற்கிற நேரத்திலேயே பாதி முடிந்துவிடும். 2025 நவம்பர் மாதத்து முதல் இதழில், விளையாட்டுப் பக்கத்தின் அடி மூலையில், நாலு வரிச் செய்தி ஒன்று இருந்தது. ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி முதன்முறையாக உலகத் தொடர் இறுதிக்கு வந்து தோற்றுவிட்டதாம். அதற்கு மேலே முக்கால் பக்கத்துக்குக் கிரிக்கெட். அடுத்த இதழில் ஒரு வாசகர், அந்த நாலு வரியும் எதற்கு, வெள்ளைக்காரனின் விளையாட்டுக்கு எங்கட ஆட்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அழுவதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். ஓய்வு பெற்றவன், வெளியே சினோ கொட்டுகிறது, வேறு வேலையும் இல்லை.

பிழையை முதலில் திருத்திவிடுவோம். புளூ ஜேய்ஸ் 1992இல் அட்லாண்டாவை வென்று கிண்ணம் எடுத்தது. 1993இல் பிலடெல்பியாவை வென்று மறுபடியும் எடுத்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒரு நகரத்துக்கு அந்தக் கிண்ணம் போனது அந்த இரண்டு தடவைதான். இந்த வருடத்தையும் சேர்த்தால் மூன்று இறுதிகள். ரொறன்ரோவில் அச்சாகும் பத்திரிகைக்கு இது தெரியாமல் போனதில்தான் எனக்குக் கவலை. இந்த அணியும் நாங்களும் இந்த ஊரில் ஏறக்குறைய ஒன்றாக வளர்ந்தவர்கள்.

நான் 1987 ஓகஸ்ட் மாதம் மொன்றியல் வழியாக வந்து சேர்ந்தேன். செப்ரெம்பரில் யங் வீதிப் பக்கம் ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற வேலை. வேலைப் பத்திரம் கைக்கு வர முன்னமே தொடங்கிவிட்டேன். இனிச் சொன்னால் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கழுவுகிற தொட்டிக்கு மேலே தட்டில் ஒரு சின்ன வானொலி. தண்ணீர் தெறிக்காமல் இருக்க, பாண் வந்த பிளாஸ்ரிக் பையால் சுற்றிக் கட்டியிருந்தது. குமிழைத் திருப்புவதென்றாலும் பைக்கு மேலாலேதான் திருப்பவேண்டும். பின்னேரமானால் அதில் பேஸ்போல். ரொம் சீக் என்ற ஒரு குரலும் ஜெரி ஹோவார்த் என்ற ஒரு குரலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என்னுடைய ஆங்கிலத்தில் பாதி அந்த இரண்டு பேரும் போட்ட பிச்சை. மற்றப் பாதி சமையல்காரர் தந்தது. அவர் போர்த்துக்கல்காரர். அந்த ஆங்கிலத்தை வெளியில் பேச முடியாது.

விளையாட்டு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டதற்குக் காரணம் எல்லே என்ற எங்கட ஊர் விளையாட்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் சாமான் வாங்க வசதியில்லை. மூங்கில் தடியும் ஒரு ரெனிஸ் பந்தும்தான். அடித்துவிட்டு ஒவ்வொரு தரிப்பாகச் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் ஆள் அவுட். முதுகில் வாங்கிய தழும்பு இப்போதும் இருக்கிறதா என்று மனைவி தேடிப் பார்த்தாள், இல்லை. பேஸ்போலை எல்லேயின் பணக்காரச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொண்டேன். விளங்காதது ஒன்றுதான். நாலு பந்தை அகலமாக எறிந்துவிட்டால், மட்டை பிடித்தவன் ஒன்றுமே செய்யாமல் முதல் தரிப்புக்கு நடந்து போகலாம் என்கிறார்களே, சும்மா நின்றவனுக்கு எதற்குப் பரிசு? இரண்டு கிழமை சமையல்காரரோடு இதற்கு வாதாடினேன்.

அந்த வருடம் எப்படி முடிந்தது என்பது பழைய விசிறிகளுக்கு இன்னும் நோகும். ஏழு ஆட்டம் மிச்சம், பட்டியலில் ஜேய்ஸ் மூன்றரை ஆட்டம் முன்னால். நட்சத்திர வீரர் ரோனி பெர்னாண்டஸின் முழங்கை ஏற்கனவே முறிந்துவிட்டது. பிறகு ஏழு ஆட்டத்திலும் தோல்வி. கடைசி ஆட்டம் ஒக்ரோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, டெற்றோயிட்டில். 1க்கு 0. சமையல்காரர் வானொலியை நிறுத்திவிட்டு, ஏப்ரனோடு பின் ஒழுங்கைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. இந்த ஊர்க்காரருக்கு அழுவதற்கு இவ்வளவுதான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஆறு நாள் கழித்து, ஒக்ரோபர் 10ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. யாழ்ப்பாணம் எந்தத் திசையில் என்றுகூடச் சமையல்காரருக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து மணிக்கொரு தரம், கையில் எண்ணெயோடு வந்து, அந்தப் பைக்கு மேலால் குமிழைத் திருப்பிச் செய்திக்கு வைத்துவிட்டுப் போவார். ஒன்றும் கேட்கமாட்டார். அவரைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

எனவே வெட்கம் பற்றி எழுதிய வாசகர் அண்ணைக்கு என் பதில் இவ்வளவுதான்: யார் எதற்கு அழுகிறார்கள் என்று அளக்கிற வேலையை நான் 1987இலேயே விட்டுவிட்டேன்.

"வெள்ளைக்காரனின் விளையாட்டு" என்பதற்கும் ஒரு வார்த்தை. நான் வந்தபோது ஜேய்ஸின் பெரிய நட்சத்திரங்கள் ஜோர்ஜ் பெல்லும் ரோனி பெர்னாண்டஸும். இரண்டு பேரும் டொமினிக்கன் குடியரசில் சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்ற கரும்பாலை ஊரிலிருந்து வந்தவர்கள். 1987இல் 47 ஹோம் ரன் (பந்தை மைதானச் சுவருக்கு வெளியே அனுப்புகிற அடி) அடித்து அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் பெல். கிண்ணம் எடுத்த அணியில் விளையாடிய ரொபேர்ட்டோ அலோமார் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். இரண்டு கிண்ணத்தையும் எடுத்துத் தந்த மனேஜர் சிற்றோ காஸ்ரன் ஒரு கறுப்பினத்தவர். உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பின மனேஜர் அவர்தான். இன்றைய அணியில் பந்து பிடிக்கிற அலெஹாண்ட்ரோ கேர்க் மெக்சிக்கோக்காரர். விளாடிமிர் கெரேரோ பிறந்தது மொன்றியலில், தகப்பன் அங்கே விளையாடிக்கொண்டிருந்த காலத்தில். எங்கட பிள்ளைகளில் எத்தனை பேருடைய பிறப்புச் சான்றிதழில் அதே ஊர் இருக்கிறது?

தொடக்கம் வேடிக்கையானது. அதை நான் பார்க்கவில்லை, சமையல்காரர் சொல்லித் தந்தது. 1977 ஏப்ரல் 7, அணியின் முதல் ஆட்டம், எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்தில். மைதானம் முழுக்கச் சினோ. ஐஸ் ஹொக்கிக்காரரின் இயந்திரத்தைக் கடன் வாங்கி வழித்தார்களாம். டக் ஓல்ற் என்பவர் இரண்டு ஹோம் ரன் அடிக்க, 9க்கு 5 என்று சிக்காகோவை வென்றார்கள். அந்த வருடம் முழுக்க 107 ஆட்டம் தோற்றது வேறு கதை. அந்த ஸ்ரேடியத்துக்கு நான் ஒரே ஒரு தடவை, 1988இல் போயிருக்கிறேன். ஏரியிலிருந்து வருகிற காற்றும் கடற்பறவைகளும். என் கையிலிருந்த பொரித்த உருளைக்கிழங்கில் பாதியை ஒரு பறவை கொண்டுபோனது.

பறவை என்றதும் டேவ் வின்ஃபீல்டைச் சொல்லாமல் விடமுடியாது. 1983இல் அவர் நியூ யோர்க் யாங்கீஸ் வீரர். அதே மைதானத்தில், இன்னிங்ஸுக்கு முன்னர் கை சூடாக்க எறிந்த பந்து ஒரு கடற்பறவையில் பட்டு அது செத்துப்போனது. ரொறன்ரோப் பொலிஸ் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது! மிருகவதை வழக்கு. பிறகு கைவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து அதே வின்ஃபீல்ட், 41 வயதில், ஜேய்ஸ் சட்டையோடு நிற்கிறார். 1992 ஒக்ரோபர் 24, அட்லாண்டா, ஆறாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ். இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஒரு அடி. இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். 4க்கு 3. இருபது வருடமாக விளையாடியவருக்கு அதுதான் முதல் கிண்ணம். பறவையின் சாபம் விட்டது என்றார் சமையல்காரர்.

அதற்கு ஆறு நாள் முன்னர், அட்லாண்டாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், அமெரிக்கப் படையினர் கனடாக் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள். தெரியாமல் செய்ததுதான், மன்னிப்பும் கேட்டார்கள். எனக்கு அப்போது குடியுரிமை கிடையாது. ஆனாலும் தொலைக்காட்சியைப் பார்த்து, "டேய், கொடியைத் திருப்புங்கோடா" என்று கத்தினேன். அறையில் இருந்த மற்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கே புதுமையாக இருந்தது.

வென்ற இரவு வேலை முடியாமலே யங் வீதிக்கு இறங்கிவிட்டோம். வாகனம் ஒன்றும் அசையவில்லை. ஈர ஏப்ரனோடு நின்ற என்னை யாரென்றே தெரியாத ஒரு கிழவி கட்டிப்பிடித்தாள். அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை, டொக்டரைத் தவிர.

1993ஐப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மனைவி வந்து சேர்ந்த வருடம் அது. சென்ற். ஜேம்ஸ் ரவுனில் இரண்டறை வீட்டில் ஒன்பது பேர். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, 6க்கு 5 என்று பின்னால் நிற்கிறோம், இரண்டு பேர் தரிப்பில். ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டியபோது மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அடுப்படியிலிருந்த மனைவி தீப்பற்றிவிட்டது என்று நினைத்துப் பாஸ்போர்ட் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒரு ஹோம் ரன்னோடு உலகத் தொடர் முடிந்தது அதற்கு முன் 1960இல் ஒரே ஒரு தடவைதான்.

அதன் பிறகு வறட்சி. 1994இல் வீரர்கள் வேலைநிறுத்தம், உலகத் தொடரே நடக்கவில்லை. 1991இல் பேஸ்போல் வரலாற்றிலேயே முதன்முதலாக ஒரே வருடத்தில் நாற்பது இலட்சம் பேரைக் கூட்டிய ஜேய்ஸின் மைதானமான ஸ்கைடோமில் கதிரைகள் காலியாகத் தொடங்கின. 2015 வரைக்கும், இருபத்திரண்டு வருடம், இறுதிச் சுற்றுகளின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. நானும் ஸ்காபரோவுக்கு வந்து, தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, தோற்கிற அணியை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெயிக்கிற காலத்து விசிறிகள் நிறையப் பேர். அந்த இருபத்திரண்டு வருடத்து ஆட்கள் குறைவு. நான் அதில் ஒருவன் என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் என்னைப் பிடித்து வைத்தது ரொம் சீக்கின் குரல். 1977இல் அந்தச் சினோ ஆட்டத்திலிருந்து ஒன்றைக்கூடத் தவறவிடாமல் நேர்முக வர்ணனை செய்துவந்த மனிதர். காய்ச்சல், கலியாணம், குளிர், ஒன்றும் அவரை நிறுத்தவில்லை. 4,306 ஆட்டங்கள். 2004 ஜூன் மாதம் ஒரு நாள் வானொலியைப் போட்டால் அவர் இல்லை. தகப்பன் இறந்துவிட்டாராம். தகப்பனுக்காக நிறுத்தினார்.

என்னுடைய ஐயா 1996இல், இடம்பெயர்ந்து போன இடத்தில், வன்னியில் இறந்தார். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது அந்திரட்டி முடிந்துவிட்டது. அன்றைக்கும் நான் இரவு வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. 2004இல் அந்த வானொலிக்கு முன்னால் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மேற்பார்வையாளர் வந்து, மெஷின் பழுதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்த வருடம் ரொம் சீக்கும் போய்விட்டார். பெரிய வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிற இடத்தில், ஸ்ரேடியத்தின் உயரத்தில், அவருடைய பெயரும் இருக்கிறது. பக்கத்தில் 4306 என்ற இலக்கம். பேரனை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனபோது அதைத்தான் காட்டினேன். அவனுக்கு ஐஸ்கிறீம்தான் வேண்டியிருந்தது.

இனி இந்த வருடம். போன வருடம் தங்கள் பிரிவில் கடைசியாக வந்த அணி, இந்த வருடம் 94 ஆட்டம் வென்று அதே பிரிவில் முதலாவது. யாங்கீஸைத் தள்ளியது. சியாற்றிலுடன் ஏழாவது ஆட்டம், 3க்கு 1 என்று பின்னால் நிற்க, ஏழாவது இன்னிங்ஸில் ஜோர்ஜ் ஸ்பிறிங்கர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன் அணியை உலகத் தொடருக்குக் கொண்டுவந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுடனான உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு, அடிசன் பார்கர் என்ற பெடியன் தங்க இடமில்லாமல் கூட்டாளியின் ஹொட்டேல் அறையில், கிரீச்சிடுகிற சோபாவில் படுத்திருக்கிறான். மறுநாள் மாற்று ஆளாக இறங்கி, மூன்று தரிப்பிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தான். உலகத் தொடரில் மாற்று ஆள் ஒருவர் அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை. சோபாவிலும் ஹோல் நிலத்திலும் படுத்து எழும்பி வேலைக்குப் போன சனம் நாங்கள். இந்தக் கதை உங்கள் முன்பக்கத்தில் வந்திருக்கவேண்டாமா?

மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ். எங்கள் நேரத்துக்கு விடியப்புறம் மூன்று மணியை நெருங்கித்தான் தோற்றோம். "சிவராத்திரிக்குக்கூட நீங்கள் இப்படி முழிச்சிருக்கேல்ல" என்றாள் மனைவி. ஐந்தாவது ஆட்டத்தில் ட்ரே யெசாவேஜ், 22 வயது, ஏப்ரலில் அடிமட்ட அணியில் எறிந்துகொண்டிருந்த பிள்ளை, டொட்ஜர்ஸ் ஆட்களில் பன்னிரண்டு பேரை மட்டையில் படாமலே திருப்பி அனுப்பினான்.

ஏழாவது ஆட்டம், நவம்பர் 1, சனிக்கிழமை. மகள் வீட்டின் கீழறையில் பதினான்கு பேர். கொத்துரொட்டி ஆறிப்போய் இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுத்தால் கிண்ணம் எங்களுக்கு. டொட்ஜர்ஸின் மிகேல் ரோகாஸ் ஹோம் ரன் அடித்துச் சமப்படுத்தினார். சரி, எங்கள் முறை வந்தது. மூன்று தரிப்பிலும் ஆள். ஒரு ஓட்டம் போதும். தரையில் உருண்ட பந்தை எடுத்து, ஓட்டம் முடிகிற ஹோம் தட்டுக்கு எறிந்தார்கள். எங்கட கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்து சேர, பந்து பிடித்தவரின் கால் ஏற்கனவே தட்டில், அவுட். கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்குப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்களே, அதே மாதிரிக் காட்டினார்கள். இரண்டு அங்குலமிருக்கும். பேரன் திரைக்குக் கிட்டப் போய் விரலால் அளந்தான். பதினோராவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தார். 5க்கு 4. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற இரவு அது. அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறதென்று தெரியாமல் எல்லோரும் அப்படியே இருந்தோம்.

பேரன் அழுதான். ஒன்பது வயது. நான் சிரிக்கவில்லை. கீழறையின் பின் கதவைத் திறந்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 2026 இந்த அணியின் ஐம்பதாவது பருவம். கிரிக்கெட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, நானும் பார்க்கிறவன்தான். கிழமைக்கு ஒரு சின்னப் பெட்டி போதும்: எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, எத்தனையாவது இடம். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் உங்கள் அலுவலகக் கதவின் கீழால் போட்டுவிடுவேன். கையெழுத்து மட்டும் கொஞ்சம் மோசம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஸ்காபரோ

பி.கு.: அந்த நாலு வரியில் ஹோம் ரன்னை "வீட்டு ஓட்டம்" என்று போட்டிருந்தீர்கள். ஹோம் ரன் என்றே போடுங்கள். என்னுடைய மனைவிக்கு அந்தப் பாஸ்போர்ட் பை ஞாபகம் வந்துவிட்டது.